பொய்த் தொண்டையில் மெய்க் கிருமி

மருத்துவமனையின் பின்பக்கத்தில், சலவை அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே இருக்கிறது கிருமிப் பரிசோதனைக் கூடம். அங்கே இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவரை எல்லோரும் வளையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் வளையல் கிடையாது. வேலை அப்படி. பெயர் வந்தது வேறு வழியில்.

கடற்பாசிக் கூழில் செம்மறியாட்டு ரத்தம் கலந்து, சின்னத் தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பார். செக்கச்செவேலென்று உறைந்து நிற்கும். நோயாளியின் தொண்டையைத் தடவியெடுத்த பஞ்சுக் குச்சியை அதில் தேய்த்து, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்தால், மறுநாள் கிருமிகள் குண்டூசி முனை போலப் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். சில கிருமிகள் சும்மா இருக்கும். சில, நஞ்சைக் கக்கி ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அப்போது புள்ளியைச் சுற்றிச் சிவப்பெல்லாம் போய், கண்ணாடி மாதிரி ஒரு வளையம் தெரியும். தட்டுக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் அந்த வளையத்தின் வழியே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். “வளையம்!” என்று அக்கா கத்தினால், எந்த வார்டிலோ யாருக்கோ மருந்து மாறப் போகிறது என்று அர்த்தம்.

அவருடைய வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். எந்தப் பூட்டையும் திறப்பார். பளுவான சாமான் எதையும் தூக்க மாட்டார். இதில்தான் வினை வந்தது.

அக்காவின் அண்ணன் வீடு மாற்ற முடிவு செய்திருந்தார். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் மாசம் தவறாமல் தொண்டைவலி. சுவரில் ஊறும் ஈரம்தான் காரணம் என்று இரண்டு தடவை வெள்ளையடித்துப் பார்த்தார். பலனில்லை. புது வீடு மூன்றாவது மாடியில், லிப்ட் கிடையாது. அண்ணனிடம் ஓர் இரும்பு பீரோ இருந்தது. யானைக்குக் கதவு வைத்த மாதிரி இருக்கும். சனிக்கிழமை காலை வந்து ஒரு கை பிடிக்கும்படி தங்கை மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மாப்பிள்ளையின் குரல் கட்டிக்கொண்டது.

“எச்சில் முழுங்க முடியல,” என்றார், இரண்டாவது டம்ளர் டீயை முழுங்கிவிட்டு.

“ஆ காட்டுங்க,” என்றார் அக்கா.

“எதுக்கு?”

“காட்டுங்கன்னா காட்டுங்க.”

குச்சி உள்ளே போய் வெளியே வந்தது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவருக்குப் பஞ்சு கிடைத்தது. தட்டில் ஒன்றும் முளைக்காது, கையும் களவுமாகப் பிடித்து பீரோவுக்கு அடியில் நிறுத்தலாம் என்பது அக்காவின் கணக்கு.

சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தவர், தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்னொரு சோதனையும் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

“என்னங்க, வளையம்!”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தாங்க! தொண்டைவலிக்கிருமி. தட்டு பூரா துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. கல்யாணமாகி பத்தொம்பது வருஷத்துல நீங்க சொன்ன முதல் உண்மை இது!”

கழுத்தில் மப்ளரோடு சொகுசாகப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“இந்தா பாரு, எனக்கு வலியே இல்ல. சும்மா சொன்னேன்.”

“என்னது?”

“பீரோவுக்குப் பயந்து சொன்னேன்டி! ஐயோ, என் ரத்தமெல்லாம் கரையுதா?”

“கரைஞ்சது உங்க ரத்தமில்ல, ஆட்டு ரத்தம். ஆடு கூட நல்லாத்தான் மேஞ்சுட்டு இருக்கு.”

“எப்படிக் கரைக்குது?”

“அந்த நஞ்சு அணுவோட தோல்ல ஓட்டை போடும். ஓட்டை வழியா தண்ணி புகுந்து, அணு உப்பி வெடிச்சிடும்.”

பயத்திலும் அவருக்குத் தொழில் கோபம் வந்தது. “சுவத்துல கன்னம் வைக்குதா? த்தூ, இதெல்லாம் ஒரு திறமையா!”

மதியம் மருத்துவரிடம் போனார்கள். “வலியே இல்லாம இதைச் சுமந்துட்டுத் திரியறவங்க உண்டு. பொதுவா விட்டுடுவோம். பழகற வீட்ல யாருக்காவது அடிக்கடி தொண்டைவலி வருதா?” என்று கேட்டார் அந்த அம்மா.

அக்கா புருஷனைப் பார்த்தார். புருஷன் கூரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மச்சான் வீட்டுக்குப் போய், பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் காலி செய்வது அவர் பழக்கம்.

முகக்கவசத்தோடு புது வீட்டுக்குப் போனபோது, பீரோ இரண்டாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக் கிடந்தது. அண்ணன் மேல்படியில், அண்ணி கீழ்ப்படியில்.

“மாப்ள, முடியாத ஒடம்போட ஏன் வந்தீங்க?” என்று அண்ணன் உருகினார்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். சொன்ன பொய், வந்த வளையம், குடித்த பாட்டில்.

அண்ணன் பீரோவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “நான் சுவத்துக்கு வெள்ளையடிச்சேனே, மாப்ள! உங்க தொண்டைக்கு அடிச்சிருக்கணும்!”

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பீரோவை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அது ஒரு படி இறங்கியது. மாப்பிள்ளை பாய்ந்து தாங்கினார். தாங்கியவர் வேறு வழியில்லாமல் மூன்றாவது மாடி வரைக்கும் தாங்கினார்.

பிள்ளைகளுக்கும் குச்சி விட்டுப் பார்த்ததில் சின்னவள் தட்டிலும் வளையம் வந்தது. அவளுக்கும் மாமாவுக்கும் பத்து நாள் மாத்திரை. பிறகு எடுத்த தட்டுகள் சிவப்பு மாறாமல் இருந்தன. ஆறு மாசமாகத் தொண்டைவலி அந்த வீட்டுப் படியேறவில்லை.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரியாது, பிள்ளையிடமிருந்துகூட இவருக்கு வந்திருக்கலாம் என்று மருத்துவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். மாப்பிள்ளை அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

“பாவம், நான் அப்பாவி. இவகிட்டேருந்துதான் எனக்கு வந்துச்சு,” என்பார், சாப்பிடும்போதெல்லாம்.

“என் பாட்டில்ல வாய் வச்சது யாராம்?” என்பாள் சின்னவள்.

அண்ணன் பெண்ணின் பக்கம். அண்ணி, சிரிப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம். அக்காவிடம் தீர்ப்பு கேட்டால், “தட்டு சொல்லாததை நான் சொல்ல மாட்டேன்” என்று எழுந்து கை கழுவப் போய்விடுவார்.