வில்லியின் மலையாளம்

வீட்டில் வாய் ஓயாத என் மகள், பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் ஏன் ஊமையாகிவிட்டாள்? எனக்கு இன்றும் தெரியவில்லை. வலியசாலையில் எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் எல்லாம் மலையாளம், அதுதான் காரணம் என்றார் என் கணவர். தெருவில் மற்றத் தமிழ்க் குழந்தைகள் பேசவில்லையா என்று நான் மறுத்தேன். ஓண விடுமுறைக்குள் பேசாவிட்டால் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தார் டீச்சர். நான் அப்போதே இரண்டு டாக்டர்களிடம் நேரம் வாங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு மாமி விளக்கேற்றியதும் ஒரு மலையாள சீரியல் போடுவார். ஊருக்கு வெளியே வரிசையாகக் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்களின் கதை, வருஷக்கணக்காக ஓடுகிறது. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு மதில். அந்தப் பக்கத்து வில்லி இந்தப் பக்கத்துக் குடும்பத்தைக் கெடுக்காமல் தூங்க மாட்டாள். என் நாலு வயது மகள் மாமியின் மடியில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பாள். சமையலை முடிக்க எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது. ஆனால் சின்னக் குழந்தைக்கு டி.வி. கூடாது என்று படித்ததெல்லாம் அடுப்பு முன்னால் நினைவுக்கு வரும். ஒருநாள் மாமியிடம் போய், இனி அவளை அனுப்பவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“இதுல கொழந்தை என்னடி கெட்டுப்போறது? சண்டை போட்டுக்கறா, சமாதானமாறா. நம்ம தெருவுல நடக்காததா, கேட்டியா?” என்றார்.

மறுநாள் டீச்சர் போனில் அழைத்தார். பக்கத்தில் உட்காரும் பையன் தன் டிபன் பாக்ஸை இவள் பக்கம் தள்ளியிருக்கிறான். இவள் எழுந்து, தலையை மெதுவாகத் திருப்பி, வில்லியின் வசனத்தை அப்படியே சொன்னாளாம்: “மதில் கடந்நு வந்நால் விவரமறியும்.” மதிலைத் தாண்டினால் தெரியும் சேதி என்ற மிரட்டல். நான் மன்னிப்புக் கேட்டேன். டீச்சரோ சிரிப்பை அடக்க முடியாமல், உச்சரிப்பு சுத்தமாக இருந்தது என்றார்.

அன்று சாயங்காலம் நானே அவளை மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மாமி டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

இப்போது வகுப்பில் நன்றாகப் பேசுகிறாள். அந்தப் பையன்தான் நெருங்கிய தோழன். டாக்டர்கள் வேண்டியிருக்கவில்லை. ஆனால் பேசுவதெல்லாம் வில்லியின் பேச்சு. நேற்று சாம்பார் சாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பழிவாங்கச் சபதம் செய்தாள்.

நிறுத்தினால் மறுபடி வாயை மூடிக்கொள்வாளோ என்று பயம். பார்க்கவிட்டால் வேறு பயம்: அடுத்த வாரம் வில்லி பாயசத்தில் எதையோ கலக்கப்போகிறாளாம். பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள், அனுப்பட்டுமா வேண்டாமா? பாயசம் கொதிப்பதற்குள் சொன்னால் உபகாரமாக இருக்கும்.