வில்டா டீச்சர் கோச்சாக நின்ற வெள்ளிக்கிழமை

வில்டா ஹாக்கெட்டுக்கு அமெரிக்கக் கால்பந்து பிடிக்காது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் பாதி ஆட்டம், பிறகு இதற்கு எதற்குக் கால்பந்து என்று பெயர் என்று கல்யாணமான புதிதில் கணவனிடம் கேட்டாள். ராய்ஸ் ஹாக்கெட் அந்த ஊர்ப் பள்ளியின் கால்பந்து கோச். கோல்டர் ஃப்ளாட் மேற்கு டெக்சஸில் பருத்திக் காட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் பெட்ரோல் பங்கைக்கூடப் பூட்டிவிட்டு மொத்த ஜனமும் பள்ளி மைதானத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் கோச்சின் பெண்டாட்டி கால்பந்து பிடிக்காது என்று வாய்விட்டுச் சொல்வதற்குக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். வில்டாவுக்கு அது நிறையவே இருந்தது.

லப்பக் நகரத்தில் இசை படித்து முடித்த கையோடு அவள் பள்ளிக்கூடத்துப் பேண்டு டீச்சராக இங்கே வந்தாள். ஒரு வருஷம் இருந்துவிட்டு நல்ல ஊராகப் பார்த்துப் போய்விடலாம் என்பது எண்ணம். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம், அவ்வளவு சின்னப் பள்ளி. டிரம்பெட் ஊதுகிறவனும் தாளம் தட்டுகிறவனும்தான் பந்து விளையாட வேண்டும். ஆட்டத்தின் இடைவேளையில் பேண்டு களத்தில் இறங்கி வாசிப்பது வழக்கம். முதல் ஆட்டத்தில் இடைவேளை வந்ததும் ராய்ஸ் தன் பையன்களை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வில்டா மூன்று புல்லாங்குழலையும் ஒரு மேளத்தையும் வைத்துக்கொண்டு ஊர் முன்னால் நின்றாள். நேரே போய் அறைக் கதவைத் தட்டினாள்.

"உள்ள பையனுங்க சட்டையில்லாம இருக்காங்க டீச்சர்," என்றான் ராய்ஸ்.

"நான் நாலு தம்பிங்களோட பொறந்தவ. கதவத் தொறங்க."

கதவு திறந்தது. இடைவேளையின் முதல் பாதி கோச்சுக்கு, மறுபாதி பேண்டுக்கு என்று அங்கேயே நின்று பேசி முடித்தார்கள். அதிலிருந்து பையன்கள் தோள் கவசத்தைக்கூடக் கழற்றாமல், முழங்காலெல்லாம் மண்ணோடு, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து வரிசையில் நிற்பார்கள். மறு வருஷக் கோடையில் வில்டாவுக்கும் ராய்ஸுக்கும் மெதடிஸ்டு சர்ச்சில் கல்யாணம் நடந்தது. இடைவேளைத் தகராறை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று காப்பிக் கடையில் சிரித்தார்கள்.

அப்புறம் சில வருஷங்கள் மழை பொய்த்தது. பருத்தி காய்ந்து குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. சின்னப் பள்ளிகள் ஆடும் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர்தான். அந்த ஆறைச் சேர்ப்பதற்கே ராய்ஸ் வீடு வீடாகப் போகவேண்டி வந்தது. இரண்டு வருஷம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. காலையில் காப்பி குடிக்கப் போனால், மைதானத்தில் மைக்கில் ஆட்டம் சொல்லும் தீவனக் கடைக்கார வர்ஜில் கேட்பான்:

"ராய்ஸ், இந்த வருஷம் பேண்ட வெளையாடச் சொல்லிட்டு டீம வாசிக்கச் சொல்லிப் பாரேன்."

"ரெண்டும் ஒரே ஆளுங்கதான்யா," என்பான் ராய்ஸ்.

மூன்றாம் வருஷம் என்ன நடந்தது என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டூபா என்கிற அந்தப் பெரிய ஊதுகொம்பை வாசிக்கும் கர்ட்டிஸ் மேஹால் ஒரே கோடையில் கதவு அகலத்துக்கு வளர்ந்துவிட்டான். டிரம்பெட் ஊதும் டோபி எஸ்கமியா முயல் மாதிரி ஓடினான். மொத்தம் எட்டே பையன்கள். ஆனாலும் முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஊருக்கு எப்படிக் கொண்டாடுவது என்பதே மறந்துபோயிருந்தது. யாரோ போய்த் தீயணைப்பு வண்டியின் சங்கை ஊதிவிட, நிஜமாகவே எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பாதிப்பேர் வாளியோடு ஓடினார்கள். அடுத்த வாரமும் ஜெயம். அதற்கடுத்த வாரமும். இலையுதிர் காலம் முடியும்போது ஒரே ஓர் ஆட்டம் பாக்கி, ரிம் ராக் பள்ளியோடு. ஜெயிக்கிறவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை ராய்ஸுக்கு வயிற்றுவலி வந்தது. சர்ச் விருந்தில் சாப்பிட்ட மிளகாய்க் கறிதான் காரணம் என்று பிடிவாதமாகச் சொன்னான். மறுநாள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் குடல்வால் என்று சொல்லி அறுத்து எடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி நிர்வாகி ப்ரூவர் பேண்டு அறைக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் கோச்சாக நின்றால்தான் ஆட்டம் நடக்கும், இல்லையென்றால் தோற்றதாகக் கணக்கு என்றார். துணைக் கோச்சாக இருந்த விவசாய வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பன்றிக் கண்காட்சிக்குப் போயிருந்தார். மற்றவர்களைவிடப் பையன்கள் வில்டாவின் சொல்லைத்தான் கேட்பார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் டீச்சர். சும்மா நின்னாப் போதும்."

"சும்மா நிக்கறதுதான் எனக்கு வராது," என்றாள் வில்டா. ஆனாலும் சரி என்றாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ராய்ஸ் படுத்தபடியே விரலால் போர்வைமேல் கோடு போட்டு, யார் எங்கே நிற்க வேண்டும், எவன் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, இதெல்லாம் பையன்களுக்குத் தெரியும், தனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டு அவனுடைய தொப்பியையும் விசிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எட்டுப் பிள்ளைகளின் ஒரு வருஷத்து உழைப்பு தன்னால் கெட்டுப்போய்விடக் கூடாதே என்ற பயம் ஊர் வந்து சேர்ந்த பிறகும் இறங்கவில்லை.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வர்ஜிலின் மைக் கூண்டில் டெலிபோன் அடித்தது. ராய்ஸ்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து கூப்பிட்டான். வர்ஜில் நல்ல மனுஷன், ஆனால் எந்தப் பக்கம் பேசுகிறோம் என்ற நிதானம் கிடையாது. ஒரு காதில் டெலிபோனை வைத்துக்கொண்டு, வாய்க்கு நேரே இருந்த மைக்கை அணைக்காமலே, மைதானம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான்:

"வில்டா, ராய்ஸ் சொல்றாரு, அடுத்த தடவ டோபிய எடது பக்கமா ஓட விடணுமாம்."

ரிம் ராக் பையன்கள் ஆறு பேரும் ஒழுங்காக இடது பக்கம் போய் நின்றுகொண்டார்கள். எதிர்ப்பக்கக் கேலரியில் சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. வில்டா சாக்ஸபோன் வாசிக்கும் பெண் ஒருத்தியைக் கூண்டுக்கு அனுப்பி டெலிபோனை எடுத்துக் கீழே வைக்கச் சொன்னாள். இனிமேல் கேட்பதற்கு ஆள் கிடையாது. அப்படியானதும் ஏனோ அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

அவளுக்கு ஆட்டம் தெரியாது, பையன்களைத் தெரியும். ஒவ்வொருத்தனுக்கும் எவ்வளவு மூச்சு இருக்கிறது என்று தெரியும். வருஷக்கணக்காக அவர்களை ஊதவைத்தவள் அவள்தானே. எவன் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிறானோ அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கர்ட்டிஸ் தனக்கு ஒன்றுமில்லை என்று முறைத்தான். வில்டா பெஞ்சைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான்.

இடைவேளைக்குப் போகும்போது ரிம் ராக் நன்றாகவே முன்னால் இருந்தது. பையன்கள் அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோச் என்றால் இப்போது ஏதாவது பேச வேண்டும். டோபிதான் தலையைத் தூக்கினான்.

"மிஸ், இன்னைக்கு மொதப் பாதி யாருக்கு?"

"கோச்சு மாதிரி பேச எனக்குத் தெரியாதுப்பா. ரெண்டு பாதியும் பேண்டுக்குத்தான். எழுந்திரிங்க."

ஒருத்தன் சிரித்தான், அதைப் பார்த்து இன்னொருத்தன். வெளியே வந்து வாத்தியங்களை எடுத்தார்கள். வழக்கமாக அந்தப் பேண்டு வாசித்தால் ஸ்வரத்துக்கு ஒரு பக்கம், தாளத்துக்கு ஒரு பக்கம் என்று இழுக்கும். அன்றைக்கு அப்படியில்லை. கர்ட்டிஸ் கிழிந்த உதட்டோடு டூபாவை ஊதிய ஊதலில் கேலரித் தகரம் அதிர்ந்தது. கடைசிப் பாட்டு முடிந்தபோது ரிம் ராக் பக்கத்து ஜனமும் எழுந்து நின்று கைதட்டியது. பையன்கள் வாத்தியத்தை வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார்கள். அவர்கள் முகத்தில் மறுபடி களை வந்திருந்ததை வில்டா பார்த்தாள்.

இரண்டாம் பாதியில் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பிடித்தார்கள். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாதபோது ஏழு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அப்போது டோபி பந்தை வாங்கினான். இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு, மூன்றாமவன் ஜெர்சியைப் பிடித்து இழுக்க இழுக்க எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தான். அதற்கு ஆறு புள்ளி. இன்னும் ஒன்று பாக்கி. எல்லைக் கோடு தாண்டியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு: மறுபடி ஓடித் தாண்டினால் ஒரு புள்ளி, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இரண்டு. ஓடினால் சமம், கூடுதல் நேரம் ஆட வேண்டும். உதைத்தால் ஜெயம், தவறினால் எல்லாம் போச்சு. அறுவர் ஆட்டத்தில் உதைக்கிறவனைக் காக்க ஆள் போதாது என்பதால் அந்த வருஷம் முழுக்க ராய்ஸ் ஒரு தடவைகூட உதைக்கச் சொன்னதில்லை.

வர்ஜில் மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடி வந்தான். கூண்டில் டெலிபோனைத் திரும்பவும் எடுத்துப் பேசிவிட்டு வந்திருந்தான்.

"வில்டா, ஓடத்தான் சொல்றாரு. ராய்ஸ் கத்தறாரு, நர்ஸு அவரத் திட்டுது."

வில்டா பையன்களைப் பார்த்தாள். இரண்டு பேருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. மற்றவர்கள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார்கள். இவர்களைக் கூடுதல் நேரம் ஆடச் சொல்வது பாவம். டோபி தினமும் பேண்டு வகுப்புக்கு முன்னால் பழைய பந்து ஒன்றை அறைக் கூரைக்கு மேலே உதைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஓடிப் பிடிப்பான். குறி தவறினால் தகரத்தில் டமால் என்று சத்தம் கேட்கும். அவளும் அவனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். சமீப காலமாகத் தகரத்தில் சத்தமே வருவதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"டோபி, பேண்டு ரூம் கூரைக்கு மேல ஒதைப்பியே, அதே மாதிரி."

"அதுக்குத்தான நீங்க திட்டுவீங்க, மிஸ்?"

"நாளைக்குத் திட்டறேன். இப்ப ஒத."

கர்ட்டிஸ் பந்தைப் பின்னால் கொடுத்தான். ரிம் ராக் பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். வில்டா கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க வருத்தப்பட்டிருப்பாள். பந்து அவர்கள் விரல்களுக்கு மேலே எழும்பி, இடது கம்பத்தை ஒட்டினாற்போல் உள்ளே போனது. சில நொடிகளில் ஆட்டமும் முடிந்தது. கர்ட்டிஸ் அவளை அப்படியே தூக்கிவிட்டான். ராய்ஸின் தொப்பி எங்கோ விழுந்து மிதிபட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ராய்ஸ் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டிருந்தான்.

"நான் ஓடத்தான சொன்னேன்?"

"சொன்ன."

"அப்புறம் ஏன் ஒதைக்கச் சொன்ன?"

"உன் டீமு களைச்சுப் போச்சு ராய்ஸ். என் பேண்டுக்கு மட்டும் இன்னும் ஒரு மூச்சு பாக்கியிருந்தது."

ராய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தான். சிரிக்க வைக்காதே, தையல் பிரிந்துவிடும் என்று கெஞ்சினான்.

அடுத்த சுற்றில் ராய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தினான். எதிரணி ரொம்பப் பெரிய கை. ஓர் அணி நாற்பத்தைந்து புள்ளி முன்னால் போய்விட்டால் அதோடு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு இடைவேளைக்கே நிறுத்திவிட்டார்கள். கோல்டர் ஃப்ளாட் ஜனம் வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. வில்டா பேண்டைக் களத்தில் இறக்கித் தெரிந்த பாட்டையெல்லாம் வாசிக்கவைத்தாள். ஜெயித்த ஊர்க்காரர்களும் சோளச் சிப்ஸ்மேல் கறி ஊற்றிச் சாப்பிட்டபடியே உட்கார்ந்து கேட்டார்கள்.

டிசம்பரில் ஊர் கூடி அணிக்கு விருந்து வைத்தது. துணைக் கோச்சாக வந்துவிடுங்கள் என்று ப்ரூவர் எல்லார் முன்னாலும் வில்டாவைக் கேட்டார். அவள் மரியாதையாக மறுத்துவிட்டாள். பையன்கள் விடவில்லை. தாங்கள் போட்டிருந்த மாதிரியே, பள்ளியின் எழுத்துப் பொறித்த கம்பளி ஜாக்கெட் ஒன்றை அவளுக்கும் வாங்கி, மார்பில் "கோச்" என்று தைத்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவள் அதை ஒரு நாளும் போட்டுப் போனதில்லை. ஆனால் குளிர்காலத்தில் விடிகாலையில் அவள் வீட்டுப் பக்கம் போனால், அதைப் போட்டுக்கொண்டு கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பாள். கேட்டால், நல்ல கதகதப்பாக இருக்கிறது என்பாள்.