பட்டாணி வீட்டுக்கு வரவேண்டும்

எஸ்தர் அக்கா போய்விட்டார்.

காலையில் அவருடைய மகன் போன் செய்தார். "அம்மா தவறிப்போயிட்டாங்கண்ணா..."

தெரியாதவர்களுக்காக... அக்கா எழுத்தாளர். ஒரு காலத்தில் மாதம் ஒரு சஸ்பென்ஸ் நாவல். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த பாக்கெட் நாவல்கள். அவற்றுக்கு அட்டைப்படம் வரைந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டுக்குழுவில் முதல் வரிசையில் நிற்பார். திங்கட்கிழமை ஏதாவது ஒரு பங்களாவில் யார் கழுத்தையாவது நெரித்துக்கொண்டிருப்பார். "பாவமா இல்லீங்களாக்கா?" என்று கேட்டால், "கெட்டவனைத்தானுங்க கொல்றேன்" என்று டீ ஊற்றிக் கொடுப்பார்.

எங்கள் தொழிலில் கதையைப் படித்துவிட்டு அட்டை போடுவதில்லை. நாலு மாத அட்டைகளை ஒரே ஷீட்டில் சேர்த்து அச்சடித்தால்தான் பதிப்பாளருக்குக் கட்டுப்படியாகும். அதனால் அட்டை முதலில், கதை அப்புறம். அட்டையைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டேதான் அக்கா எழுதுவார். அட்டை கைக்கு வராமல் அவருக்கு ஒரு வரி ஓடாது.

ஒருமுறை ஒரு பங்களாவும் டார்ச்சோடு ஒரு பெண்ணும் வரைந்தேன். கீழே மூலை வெறிச்சென்று இருந்தது. சும்மா ஒரு நாயைப் போட்டுவைத்தேன். ஒரு காது மடங்கிய செவலை நாய்.

அச்சாகிப் போனதும் அக்காவிடமிருந்து போன். "ஏனுங்க முருகேசு, இந்த நாயி யாரோடதுங்க?"

"எடம் காலியா இருந்துச்சுங்கக்கா, அதான்..."

"அட நீங்க ஒண்ணு. அட்டையில இருந்தா கதையிலயும் இருக்கோணுமுங்க. வாங்கறவங்க தேடுவாங்கல்ல?"

அந்தக் கதையில் கொலைகாரனை நாய்தான் பிடித்தது. அந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோணல்மாணல் கையெழுத்து... அப்பா அம்மா ஒளித்து வைத்த நாவலைத் திருட்டுத்தனமாகப் படித்த பிள்ளைகள். துப்பறிவாளரை ஒருத்தரும் விசாரிக்கவில்லை. நாய்க்கு என்ன பேர் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

பட்டாணி என்று பேர் வைத்தார் அக்கா. அதோடு கொலையையும் நிறுத்திவிட்டுக் குழந்தைகளுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். "கொலையில்லாம யாருங்க வாங்குவாங்க?" என்று பதிப்பாளர் தலையில் கைவைத்தார். வாங்கினார்கள். செல்போன் வந்து பாக்கெட் நாவல்கள் எல்லாம் படுத்த பிறகும் பட்டாணி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சரவணம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அக்காவோடு போயிருந்தேன். ஒரு வாண்டு எழுந்து பட்டென்று கேட்டது. "மிஸ், பட்டாணி செத்துப்போயிருமா?"

அத்தனை கொலை செய்தவர் பதறிப்போய்விட்டார். "அய்யோ, இல்ல கண்ணு... அது எங்க போனாலும் ஊட்டுக்கு வந்துரும்."

போன புத்தகத்தில் பட்டாணி சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் மழையில் தொலைந்துபோனது. அங்கேயே 'தொடரும்' போட்டுவிட்டார் அக்கா. பிள்ளைகள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். என் மகள் என்னை விடவில்லை. "நீங்கதானப்பா வரையறீங்க, வருமா வராதா சொல்லுங்க."

எனக்கெங்கே தெரியும்... அக்காவுக்கே தெரியாதே.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ரொம்ப மூச்சு வாங்கியது. "ஊட்டுக்குப் போனதும் எழுதிப்போடறேன். அட்டையைக் கொண்டாந்துருங்க முருகேசு" என்றார்.

"பட்டாணியை எங்க வரையட்டுமுங்கக்கா?"

"நீங்க எங்க உக்கார வெக்கறீங்களோ, அங்க நான் கொண்டாந்து சேத்திப்போடறேன்."

இன்று காலை அந்த மடங்கிய காதுக்கு வண்ணம் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

மகனிடம் கேட்டேன். ஒரு பக்கம்கூட எழுதவில்லையாம். எப்படி எழுதியிருப்பார்... அட்டை என்னிடம் அல்லவா இருக்கிறது.

அக்காவைத் துடியலூர் வீட்டில்தான் வைத்திருக்கிறார்கள். நாளை காலை சர்ச், அப்புறம் அடக்கம். பார்க்க நினைப்பவர்கள் வந்துவிடுங்கள்.

நான் படத்தை முடித்துவிட்டேன். அழுதுகொண்டேதான் முடித்தேன். அக்கா வீட்டுப் பச்சை கேட், மழை விட்ட தெரு. ஈரம் காய்ந்ததும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

போயிட்டு வாங்கக்கா.

பட்டாணி ஊட்டு வாசல்ல உக்காந்திருக்குதுங்க.