பாதித் தலையணை

தொண்ணூறுகளின் கடைசியில் வண்ணார்பேட்டையில், கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை வைத்திருந்தேன். என் மனைவி இறந்து பதினாறு முடிந்த மறுநாள் கடை திறக்கக் கிளம்பியபோது, அக்கா ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே என் மனைவியின் தலையணை.

"போற வழியில ஆத்துல விட்டுருலே. செத்தவ தலையணைய வீட்டுல வைக்கக் கூடாது."

சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொன்னேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்லுளிமங்கன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதுவும் உறைக்கவில்லை. பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி ஆற்றைப் பார்த்தேன். கை பையை விடவில்லை.

கடை வாசலில் திசையன்விளைக்காரர் ஒருவர் காருடன் நின்றார், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். நான் செய்துகொடுத்த சப்ஊஃபர் பெட்டி காலிக் குடம் மாதிரி முழங்குகிறது என்றார். டிக்கியில் இடம் போதாதென்று பெட்டியைச் சின்னதாகச் செய்திருந்தேன். உள்ளே பஞ்சு வைத்தால் சின்னப் பெட்டியும் பெரிய பெட்டி போலப் பேசும். இலவம்பஞ்சுதான் வைப்பேன். அன்று கடையில் பஞ்சு இல்லை. பையில் இருந்தது.

ஆற்றோடு போவதற்கு இது மேல் என்று தோன்றியது. தலையணையைப் பிரித்தேன். தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது, அதையும் உதிர்த்துத்தான் போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான். அன்று ஒரு பிடி மிச்சம் வைக்கவும் மனம் வரவில்லை. அத்தனையையும் திணித்துத் திருகாணிகளை முறுக்கிவிட்டேன். சாயங்காலம் அக்கா கேட்டபோது ஆற்றில் விட்டாயிற்று என்றேன்.

மறுநாள் காலையிலேயே கார் திரும்பி வந்தது.

"அண்ணாச்சி, முந்தி முழங்கிச்சு. இப்ப மூச்சே இல்ல. என்ன செஞ்சிய?"

"பஞ்சு கூடிப்போச்சு," என்றேன்.

திறந்து பாதியை வெளியே எடுத்தேன். அவர் பாட்டைப் போட்டார். வழக்கம்போலப் பலகையில் கை வைத்துப் பார்த்தேன், சரியாக அதிர்ந்தது. அவர் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

எடுத்த பஞ்சைப் பழைய உறையிலேயே போட்டுத் தைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா உறையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சோறு போட்டாள்.

சாப்பிட்டுவிட்டு அதைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். உயரம் பத்தவில்லை. எழுந்தபோது கழுத்து வலித்தது. அவள் போன பதினெட்டு நாளில் எனக்கு வலித்தது அதுதான் முதல் தடவை. தலையணையை மாற்றவில்லை.