சாமி அறையில் ரவுட்டர்

கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் எங்கள் வீடு வீதியில் இல்லை, வீதிக்குக் கீழே இருக்கிறது. வீதியை ஒட்டிய வீடு என் கணவரின் அண்ணனுடையது. அவரை நான் பெரியத்தான் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்கள் பின்வாசலிலிருந்து கருங்கல் படியில் இறங்கினால் முதலில் எங்கள் கூரைத் தகரம் தெரியும், இன்னும் இறங்கினால் எங்கள் வாசல். ஒரே காணி, இரண்டு வீடு. நடுவில் மண் சரியாமல் இருக்கக் கட்டிய பெரிய கல் சுவர். எத்தனையோ மழைக்கு நின்று பிடித்த சுவர் அது. வைஃபையையும் அப்படியே நிறுத்திவிட்டது.

ஃபைபர் லைன் எடுத்தபோது கம்பெனி ஆள் வீதித் தூணிலிருந்து கேபிளை இழுத்து, பெரியத்தான் வீட்டில் கண்ணில் பட்ட முதல் ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். அது சாமி அறை ஜன்னல். ரவுட்டரை எங்கே மாட்டுவது என்று கேட்டார்.

"இங்கனயே மாட்டுங்க. நல்ல மூலை" என்றார் பெரியத்தான்.

முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில், பழைய கலண்டர் தொங்கிய ஆணி ஒன்று சும்மா கிடந்தது. அந்த ஆள் சிங்களவர். பாவம், சாமி படங்களைப் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்துதான் மாட்டினார். போகும்போது ஃபைபர் நுழைகிற துளையைக் காட்டி, "மேக அல்லன்ட எப்பா" என்றார். இதைத் தொடாதீர்கள் என்று அர்த்தம். பெரியத்தான் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். மற்றத் துளைகளைப் பற்றி அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் பிழை.

கல் சுவரைத் தாண்டிக் கீழே இணையம் வர வேண்டுமானால் வயர்தான் வழி. என் வீட்டுக்காரர் மின்சாமான் கடையில் வேலை செய்கிறவர், கேபிள் சுருளோடு வந்து ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் வேலையைத் தொடங்கினார். ரவுட்டரிலிருந்து ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி, எங்கள் குசினிக்குள் இறக்கினார். குரங்குகள் பிடித்து ஊஞ்சல் ஆடாமல் இருக்க அதற்கு மேல் பிளாஸ்டிக் குழாய் வேறு. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பிடி, பிடி, விட்றாத" என்று மேலிருந்து ஒரே சத்தம். விட்டுவிட்டுப் போயிருப்பேன், இணையம் வேண்டுமே என்று நின்றேன். குசினி அலுமாரியின் மேல் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி, அதிலிருந்து இரண்டு வயர். ஒன்று என் கம்ப்யூட்டருக்கு. கந்தோர் வேலை முடிந்து வந்த பிறகு நான் அதில் நாடகம் பார்ப்பேன், வேறு பெரிய காரியம் ஒன்றுமில்லை. மற்றது என் நாத்தனாரின் மேசைக்கு.

நாத்தனார் என் கணவரின் ஒரே தங்கை, எங்களோடு கீழ் வீட்டில் இருக்கிறவள். பல்லேகலப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தாள், அதை மூடிவிட்டார்கள். கட்டியவன் போன இடம் தெரியாது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் இங்கே பேசப் போவதில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஒரு பெண் பிள்ளை மட்டும் மிச்சம். ஓமானில் ஒரு வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஏஜென்சியில் எல்லாம் பேசி முடித்து, பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. பிள்ளை என்னோடு இருப்பதாக ஏற்பாடு. எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து பிள்ளை, தாய் குளிக்கப் போனால் குளியலறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. கதவு திறக்கும் வரைக்கும் எழும்பாது.

அந்த நேரத்தில்தான் வேறொரு வேலை வந்தது. இங்கிலாந்துப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஹோட்டல் புக்கிங் போன்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். மத்தியானம் தொடங்கினால் இரவுச் சாப்பாட்டு நேரம் வரை. முதலில் சோதனைக் காலம். அதன் கடைசி நாள் அவள் பேசுவதை மேலதிகாரி கேட்டுக்கொண்டே இருப்பார், அதை வைத்துத்தான் முடிவு. தேறினால் கண்டியில் பிள்ளையோடு இருக்கலாம். தேறாவிட்டால் ஓமான்.

அந்தக் கடைசி நாள் ஆயுத பூசையன்று வந்து விழுந்தது.

சாமி அறையில் ரவுட்டர் இருப்பதில் எனக்கு ஏற்கெனவே எரிச்சல். அது சில நேரம் உறைந்து நின்றுவிடும், ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும். வீட்டுக்குத் தூரமான நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் சாமி அறைக்குள் போவதில்லை. யாரும் சொல்லித்தராத சட்டம், எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அப்படியான நாளில் லைன் நின்றால் பின்வாசலில் நின்று, "அத்தான், அந்தப் பொட்டிய கொஞ்சம் நிப்பாட்டிப் போடுங்க" என்று கத்த வேண்டும். அவர் வந்து போட்டுவிட்டுப் போவார். நீயே போனால் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு ரவுட்டர் வந்ததால் என் மாதக் கணக்கு என் கணவரின் அண்ணனுக்குத் தெரிய வேண்டியதாயிற்று. என்ன கண்றாவி! ஹோலுக்கு மாற்றிவிடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"அங்கன வச்ச நாள்ல இருந்து லைன் அறுந்திருக்கா? இல்லல்ல? அப்ப விடு" என்பார். அதற்கு மேல் பேசினால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

பெரியத்தான் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையைக் கொடுத்துவிட்டாலும் ஆயுத பூசையை விடவில்லை. பழைய தராசு, கத்தி, கத்தரிக்கோல், சுத்தியல், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் சாமி முன்னால் வரும். சந்தனம், குங்குமம் வைத்தால் மறுநாள் காலை வரை யாரும் எடுக்கக் கூடாது. இந்தத் தடவை ரவுட்டரும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

"வருசம் பூரா ஓடுது. ஒரு ராத்திரி அதுக்கும் ஓய்வு குடுக்க வேணாமா?" என்றார்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அண்ணனிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. எனக்குப் பழக்கம் உண்டு.

"அப்ப வீதி லைட்டையும் அணைக்கச் சொல்லுங்க அத்தான். ஆஸ்பத்திரியையும் பூட்டச் சொல்லுங்க. அதுகளும் வருசம் பூரா ஓடுதுதானே?"

"ஒனக்கு வாய் கூடிப் போச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, ஓடட்டும். நான் சந்தனம் மட்டும் வச்சுக்குறேன்" என்றார். தங்கச்சி மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

பூசையன்று காலை குசினியில் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் வந்து பக்கத்தில் நின்று, "அண்ணி, நான் இன்னைக்கி மேல வரல" என்றாள். புரிந்தது. "சரி, நீ வேலயப் பாரு" என்றேன்.

பின்னேரம் மேல் வீட்டில் அக்கம்பக்கத்து ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். கோயில் வகுப்புப் பிள்ளைகள் ஹோலில் உட்கார்ந்து பஜனை பாடினார்கள், தாளம் கூரையைப் பிய்த்தது. தீபாராதனை முடிந்ததும் பொரி, கடலைத் தட்டோடு கீழே வந்தேன். நாத்தனார் ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி எழுந்து நின்றிருந்தாள்.

"லைன் போயிருச்சு அண்ணி. இப்ப எனக்கு பிரேக். முடியறதுக்குள்ள வரணும். அடுத்த போன்ல இருந்துதான் கேக்கப் போறாங்களாம்."

படியில் ஏறி ஓடினேன். சாமி அறையில் ரவுட்டர் பூமாலை போட்டுக்கொண்டு ஜம்மென்று இருந்தது. விளக்குகளும் எரிந்தன. எங்கள் வயரை உருவிப் பார்த்தேன். துளை நிறையச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். பக்கத்துத் துளைகளும் அப்படியே, விரல் நுனியால் அழுத்தி அழகாக மெழுகிவிட்டிருந்தது. ஃபைபர் நுழையும் துளைக்கு மட்டும் பொட்டு வெளியே. அதைத்தான் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே!

"என்னத்த செஞ்சு வச்சிருக்கீங்க அத்தான்!"

"கண்ணு கண்ணா இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் வச்சேன். வயர எடுத்த மாதிரியே குத்தியும் வச்சிட்டேனே" என்றார். மனுசர் உண்மையாகவே விளங்காமல்தான் சொன்னார்.

ஊக்கை எடுத்துக் கிண்டினேன். சந்தனம் இன்னும் உள்ளே போனது. என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன், அவர் கடையிலும் பூசை, எடுக்கவில்லை. போன் டேட்டாவை நம்ப முடியாது, எங்கள் பள்ளத்தில் ஒரு கோடு வந்தால் பெரிய விசயம். மேல் வீட்டில் வைஃபை நன்றாக இருந்தது. ஆனால் ஹோலில் பஜனை, பின்னால் போகப் போக சிக்னல் இல்லை. சிக்னலும் இருந்து, சாத்திக்கொள்ளக் கதவும் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

கீழே வந்து அதை அப்படியே சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"போ. வர்றத நான் பாத்துக்குறேன்" என்றேன்.

லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். பிள்ளை எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவள் பின்னாலேயே போனேன். சாமி அறை வாசலில் பெரியத்தான் திருநீற்றுத் தட்டோடு நின்றார். தங்கச்சி பூசைக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

"அண்ணே, லைன் உள்ளுக்குள்ளதான் இருக்கு. கதவ சாத்திக்கணும்" என்றாள். கால் நகரவில்லை.

அக்கா வாயைத் திறந்தார். பெரியத்தான் அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலை விட்டு ஒதுங்கினார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் நேரே ஹோலுக்குப் போய், "போதும் புள்ளைகளா, கடல சாப்புடுங்க" என்று பஜனையை நிறுத்தினார். பாட்டைப் பாதியில் நிறுத்தியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. பிறகு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கதவுக்குப் பின்னால் அவள் இங்கிலீஷ் கேட்டது. நிதானமான குரல். யாரோ ஒருவருக்குக் கடல் தெரிகிற அறை வேண்டுமாம்.

இடையில் தேத்தண்ணி கொடுக்கக் கதவைக் கொஞ்சம் திறந்தேன். குத்துவிளக்கு எரிந்தது. தராசும் கத்தியும் புத்தகங்களும் நடுவில் கிடந்தன. அவள் படங்களுக்கு எவ்வளவு தூரம் தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, கதவோடு ஒட்டி, வெறும் தரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, லெப்டொப்பை மடியில் வைத்திருந்தாள். பாவாடை நுனிகூட எதிலும் படாமல் இழுத்துச் செருகியிருந்தாள். உயிர் போகிற நேரத்திலும் அந்த ஒதுக்கம்.

மறுநாள் விடியும்போதே மேலே சாமி அறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம். கல் சுவரோர வடிகானில் மஞ்சள் தண்ணீர் எங்கள் வாசலைத் தாண்டி ஓடியது. நாத்தனார் பல் விளக்கிக்கொண்டு நின்றவள் அதைப் பார்த்தாள். வழியிலிருந்த வாளியை நகர்த்தி வைத்தாள், தண்ணீர் போக.

தேறிவிட்டாள் என்று பத்து மணி போல மெசேஜ் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

என் வீட்டுக்காரர் பல் தூரிகையும் ஸ்பிரிட்டும் வைத்து ரவுட்டரைச் சுத்தம் செய்தார். ஒரு துளைதான் பிழைத்தது. ஆனால் ரவுட்டர் அந்த ஆணியில் அதிக நாள் தொங்கவில்லை. பெரியத்தான் யாரிடமும் சொல்லாமல் கம்பெனிக்குப் போன் எடுத்திருக்கிறார். அதே ஆள் வந்தார், சப்பாத்தைக் கழற்றினார். தொடக் கூடாத துளையிலிருந்து அவரே கழற்றி, சுவரில் ட்ரில் போட்டு ஹோலுக்குக் கொண்டுவந்தார். ரவுட்டர் இப்போது மணிக்கூட்டுக்குக் கீழே இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சின்ன மேசை, ஒரு கதிரை. கடை நடந்த காலத்தில் பெரியத்தான் உட்கார்ந்த கதிரை அது.

தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்கன மாத்தியாச்சு. லைன் போனா இனி எந்த நாளும் நீயே வரலாம்" என்றார்.

"சரிண்ணே" என்றாள்.

எந்த நாளும் என்று அவர் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சந்தோசமும் கோபமும் ஒன்றாக வந்தன. சாமி அறையை நகர்த்த முடியாதவர், ரவுட்டரை நகர்த்தினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படியில் இறங்கும்போது நாத்தனார் சொன்னாள்: "அண்ணே அவரோட கதிரையப் போட்டிருக்காரு அண்ணி. அன்னைக்கி நீங்க தேத்தண்ணி தரக் கதவத் திறந்தப்ப, நான் தரையில இருந்தத பாத்திருக்காரு."

வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் குளித்துவிட்டு வந்து ஹெட்போனை மாட்ட வேண்டும். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.