பட்டாபட்டி டிராயரும் ஒரு துண்டும்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், இறந்துபோன ஒருவர் எங்கள் பத்திரிகை ஆபீஸுக்கு வந்தார்.

பொன்னேரி வெயிலில் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். என் எதிரில் உட்கார்ந்தார். பையிலிருந்து எங்கள் சென்ற வார இதழை எடுத்து, முதல் பக்கத்தை விரித்து, அதிலிருந்த படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நான்" என்றார்.

படத்தில் அவர் பழவேற்காடு ஏரிக்கரையில் மல்லாந்து கிடந்தார். மேலே கொட்டை எழுத்தில், 'படகு கவிழ்ந்து இருவர் பலி'. செய்தி எழுதியவன் நான். படம் எடுத்தவனும் நான்தான்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும் - என் எழுத்தில் சின்னச் சின்னத் தவறுகள் வருவதுண்டு. யாருடைய இனிஷியலாவது மாறும். தேர்த் திருவிழா ஒரு நாள் முந்தி நடந்துவிடும். ஆனால் உயிரோடிருக்கிற மனிதரைச் சாகடித்தது இதுதான் முதல் தடவை.

அவர் பெயர் மீரான் சாயபு. பழவேற்காட்டில் ஜவுளி வியாபாரி. மூட்டையோடு படகில் ஏறி, ஏரிக்கு அந்தப் பக்கமுள்ள குப்பங்களுக்குப் போய்ப் புடவை விற்பவர். அன்றைக்கு அந்தப் படகில் இருபது பேர் ஏற வேண்டிய இடத்தில் நாற்பது பேர் ஏறியிருக்கிறார்கள். நடு ஏரியில் கவிழ்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் இரண்டு பேரைக் கிடத்தியிருந்தார்கள் - ஒரு பெண், பக்கத்தில் இவர். யாரோ பெயர்களைச் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். பெட்டி கேமராவை 'க்ளிக்' செய்தேன். திரும்பி வர ஒரே பஸ். ஓடிவிட்டேன்.

"நீங்க பஸ்ஸு புடிக்க ஓடுனீங்க பாருங்க... அதுக்கப்பறந்தான் என்னக் குப்புறப் போட்டு முதுவுல அமுக்குனாங்கோ. ஒரு கொடம் தண்ணி வெளிய வந்திச்சி. எந்திரிச்சிக் குந்திக்கினேன்" என்றார் சாயபு.

"தப்புதான் பாய். இந்த வாரமே திருத்தம் போட்டுடறோம்."

"மவுத்தாப் போய்ட்டேன்னு போட்டது கூட பரவால்ல சார். என்னிக்காச்சும் ஒரு நாளு நெசமாவப் போற சேதிதான். கைலி இல்லாம போட்டீங்களே. நான் துணி விக்கிறவன் சார்."

குனிந்து படத்தைப் பார்த்தேன். அவர் கைலியை ஏரி எடுத்துக்கொண்டிருந்தது. இடுப்பில் மிஞ்சியிருந்தது பட்டாபட்டி டிராயர் மட்டும். எங்கள் அச்சகத்தில் எந்தப் படமும் தெளிவாக விழாது. மந்திரி படம் போட்டால்கூட கீழே பெயர் போட்டுத்தான் நம்ப வைப்போம். அன்றைக்குப் பார்த்து டிராயரின் கோடுகள் மட்டும் ஒவ்வொன்றாக எண்ணும்படி விழுந்திருந்தன.

"கும்மிடிப்பூண்டி சந்தையில கடை போட்டா, 'கோடு போட்ட துணி கீதா, பாய்?'னு கேட்டுட்டு சிரிச்சிக்கினே போறாங்கோ. ஊத்துக்கோட்டையிலருந்து மாமியா ஊட்டு ஜனம் மொத்தமும் அழுதுகினு வந்து எறங்கிச்சி. நான் குந்திக்கினு நாஷ்டா துன்றேன். மாமியா என்னைப் பாத்து, 'உசுரோடதான் கீறியா'ன்னு கேட்டுச்சி. கேட்ட கொரல்ல சந்தோசம் இல்ல சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். உள் அறையிலிருந்து எங்கள் ஆசிரியர் அடக்கிக்கொள்ளாமல் ஓடி வந்தார். சிரிப்பை அல்ல - சந்தோஷத்தை.

"பிரமாதமான விஷயம்யா. 'பலியானவர் பிழைத்தார்'. அந்தப் படத்தைப் பெரிசா பிளாக் செய்யச் சொல்லி முழுப் பக்கம் போடுவோம். பக்கத்துலயே இவர் உட்கார்ந்திருக்கிற படம். நெகடிவ் எங்கே?"

சென்ற இதழ் ஒன்றுகூட மிச்சமில்லாமல் விற்றுத் தீர்ந்திருந்தது. ஆசிரியருக்கு அந்தச் சுவை நாக்கிலேயே இருந்தது.

அதுவரை பொறுமையாகப் பேசிய சாயபு பத்திரிகையை மடக்கினார்.

"பேப்பரு வித்துத் தீந்ததால மறுபடியும் அந்தப் படத்தப் போடுவீங்கன்னு ஊர்ல பேசிக்கினாங்கோ. அதான் சார் வந்தேன். எனக்காச்சும் டிராயர் இருந்திச்சி. அந்தப் பொண்ணுக்கு?"

நான் அப்போதுதான் படத்தின் இடது பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். கன்னியம்மா என்று நானே எழுதிய பெயர். தலை விரிந்து, சேலை விலகி... அதற்குமேல் இங்கே எழுத மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை காட்டியாகிவிட்டது.

"நானாச்சும் பஸ் ஏறி வந்து கேக்கறேன். அது எப்பிடி சார் வரும்?"

ஆசிரியர் லேசுப்பட்டவரல்ல. "பாய், ஜனங்க நேரடியாப் பாத்தாத்தான் உறைக்கும். நாற்பது பேரை ஏத்தறான் படகுக்காரன். இதைப் பாத்தாத்தானே அதிகாரிங்க எழுந்து வருவாங்க?"

நியாயமான வாதம்தான். உண்மையில் ஒரு பெரிய அதிகாரி வீட்டிலிருந்து ஆளும் வந்தான். இன்னும் இரண்டு பிரதி கிடைக்குமா என்று கேட்டுப் போனான்.

ஆசிரியர் உள்ளே போனதும் சாயபு என் பக்கம் சாய்ந்தார். "அன்னிக்கு ஒருத்தன் துண்ட எடுத்துகினு அந்தப் பொண்ண மூட வந்தான். ஒரு நிமிசம் தள்ளி நில்லு, அப்பறம் மூடலாம்னு நீங்க சொன்னீங்களாம். அவன்தான் புருசன். ஏழுமலைன்னு பேரு."

ஞாபகம் இருந்தது. துண்டு படத்தை மறைத்தது. தள்ளி நிற்கச் சொன்னேன். நின்றான். கேமரா வைத்திருப்பவனைப் பார்த்தால் யாருமே தள்ளித்தான் நிற்கிறார்கள், இல்லையா?

"டீக்கடை டீக்கடையாப் போயி அந்தப் பேப்பர வாங்கிக் கிழிச்சிக்கினு கீறான் சார். ஆனா ஒண்ணு கேட்டான். பொண்டாட்டிய வேற போட்டா எடுத்ததே இல்லியாம். மூஞ்சிய மட்டும் தனியா எடுத்துக் குடுப்பாங்களான்னு கேட்டான்."

மறுநாள் காலையில் எங்கள் தெரு ஸ்டூடியோவில் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். கூடவே நெகடிவையும், அந்தப் படத்தை அச்சடித்த உலோகத் தகடான பிளாக்கையும் பையில் போட்டுக்கொண்டு பழவேற்காடு பஸ் ஏறினேன்.

கரையில் ஏழுமலை வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து - பழக்கதோஷம் போலும் - ஒரு அடி தள்ளி நின்றார். அந்த ஒரு அடியை என்னால் தாங்க முடியவில்லை. பிரிண்டை நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ அமைதியா கீறா? ஊட்ல ஒரு நாளு கூட இப்டி இருந்ததில்ல."

சிரிப்பதா, அழுவதா? அவர் இரண்டையும் செய்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தையும் அதே துண்டில் சுற்றி வைத்தார்.

நெகடிவைக் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "இதுலருந்துதான் பேப்பர்ல வந்துதா?" என்றார். தலையாட்டினேன். பீடி பற்றவைக்கிற தீக்குச்சியால் கொளுத்தினார். பிளாக் எரியாது, நானே ஏரியில் வீசினேன்.

திரும்பும்போது பார்த்தால், துறையில் அதே படகுக்காரர் இன்னொரு படகில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். எண்ணினேன். நாற்பத்தொன்று. எல்லோரும் உயிரோடு, முழு உடையில். 'க்ளிக்'.

இந்த இதழின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் படம்தான். ஆறாம் பக்கத்தில் திருத்தமும், மீரான் சாயபுவின் புதுப் படமும். தொப்பி, கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைக் கைலி. மார்பளவு போதும் என்று ஸ்டூடியோக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "கீழ வரைக்கும் வரணும். கைலி தெரியணும்" என்று சாயபு ஒரே பிடிவாதம். தெரிகிறது. முகம்தான் சரியாக விழவில்லை.

ஆசிரியர் நெகடிவ் கேட்டார். படகில் ஏறும்போது கை தவறி, நெகடிவும் பிளாக்கும் ஏரியில் விழுந்துவிட்டன என்றேன்.

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பிளாக்கை எதுக்குய்யா படகுக்கு எடுத்துட்டுப் போனே?"

பத்தி எழுத நேரமாகிவிட்டது என்று நழுவி வந்து, இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன். வழக்கம்போல அவர் படித்துப் பார்த்த பிறகுதான் அச்சேறும்.

இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தால்... அவர் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம்.