போயா அன்று ஆப்சன்ட்

“ஒகஸ்ட் மூன்றாம் செவ்வாய், காலை 8.00. தவறாமல் வரவும்.”

என் மகள் ஹனாவின் கிளினிக் கொப்பியில் உள்ள குறிப்பு இது. நீல மை, வட்ட முத்திரை. எழுதித் தந்தது போன செப்டம்பரில்.

ஹனாவுக்கு ஐந்து வயது. பென்சில் விரல்களில் நிற்காது. பட்டன் போட வராது. அதற்குத்தான் ஒகியுபேஷனல் தெரபி – அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் சிகிச்சை. நாங்கள் போகும் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு அதைச் செய்பவர் ஒரே ஒருவர். ஆகவே பதினொரு மாதக் காத்திருப்பு. ஜனவரியில் ஹனா முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

புதுக் கலண்டர் கிடைத்ததும் அந்தத் திகதியைத் தேடினேன். நிக்கினி போயா, பௌர்ணமி நாள்! அரசாங்க விடுமுறை. உடனே கிளினிக்குக்கு ஃபோனில் கோல் எடுத்தேன்.

“கொப்பியில உள்ள திகதிக்கே வாங்க. மாத்தினா பேரு கடைசிக்குப் போயிரும்” என்றார் கிளினிக் நர்ஸ் மிஸ்.

சரி என்று கோலை வைத்தேன்.

“போயாவுக்கு ஆஸ்பத்திரியப் பூட்டுவாங்களா? சும்மா ஈங்க” என்றாள் மனைவி ஃபரீனா.

அந்தச் செவ்வாய் போனோம். பூட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரியை அல்ல, கிளினிக்கை.

“அத போயனே, மஹத்தயா!” காவலாளி சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். இன்று போயா என்பது எனக்குத் தெரியாதா? ஏழு மாதமாகத் தெரியுமே!

பக்கத்தில் இன்னொரு தாய், மகளுடன். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டம், பெயர் சரோஜா. “அஞ்சு மணி பஸ்ஸுல வந்தோம் சார். பூட்டத்தான் காட்டுறாங்க.”

மறுநாள் காலை எல்லோரும் மறுபடி அதே கவுன்டரில். மிஸ் பதிவேட்டில் விரலை ஓட்டினார்.

“நேத்து நீங்க வரல்லியே. ஆப்சன்ட் போட்டிருக்கு.”

போட்டது யார்? எப்போது? எட்டிப் பார்த்தேன். அன்றைய பெயர்கள் அத்தனைக்கும் நேராக, சிவப்பு மையில் ஒரே எழுத்து.

“ஆப்சன்டுக்குப் புதுத் திகதி ஏப்ரல்லதான்.”

ஃபரீனா பொறுக்கவில்லை. “அதுவரைக்கும் புள்ளட பட்டன யாரு போட்டுடுற? டீச்சரா? கிளாஸ்ல ஒரு புள்ளயா ஈக்கிது?”

சரோஜாவும் முன்னால் வந்தார். “நாங்க வரலன்னு எழுதுனீங்களே மிஸ்... நேத்து நீங்க வந்தீங்களா?”

வரிசை முழுவதும் சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார்.

“ரெண்டு பிள்ளையையும் அவசரப் பட்டியல்ல போடுறோம். டிசம்பருக்குள்ள கோல் வரும்.”

திகதிகளைச் சேர்த்து வைப்பவன் நான். பதிவேடுகள் மீது மரியாதை அதிகம். இப்போது ஒன்று புரிகிறது – முத்திரை வைத்திருப்பவர் வராவிட்டால் அது விடுமுறை. கொப்பி வைத்திருப்பவர் வராவிட்டால் ஆப்சன்ட்.

வெள்ளிக்கிழமை கோல் எடுத்து விசாரித்தேன். எடுத்தது வேறொரு குரல். “அவசரப் பட்டியலா? அப்படி ஒண்டு இருக்கா?” என்று என்னிடமே கேட்டது.

ஹனாவின் பெயர் இப்போது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை, இதை எழுதி முடிக்கும்வரை உறுதிப்படுத்த முடியவில்லை.